வார்த்தையை மாற்றினால் பகடிப் பாட்டு ஆகிவிடுமா? வியர்ட் அல் யாங்கோவிக்கை முன்வைத்து

அடுத்தவர் போட்ட மெட்டு, அடுத்தவர் சேர்த்த புகழ், நடுவில் நாலு வார்த்தையை மாற்றிப் பாடினால் அதற்குப் பெயர் திறமையா? அமெரிக்கப் பகடிப் பாடகர் வியர்ட் அல் யாங்கோவிக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். 'சின்னப் பசங்க சிரிக்கிற பாட்டு' என்று ஒரு கட்சி. 'மேதை' என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் பெரும்பாலும் அவருடைய அதே நாலைந்து பாடல்களைக் கேட்டுவிட்டுத்தான் சண்டை போடுகின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய திறமை காதால் சோதித்துப் பார்த்து நிரூபிக்கக்கூடியது. நகைச்சுவை அப்படி ஒரே சீராக இல்லை. அது உச்சத்தில் நிற்கும் பாடல்களும், அவரை உலகம் அறிந்த பாடல்களும் வேறு வேறு.

சோதனையை மெட்டிலிருந்து தொடங்கலாம். திரைப்பாட்டு எழுதுகிறவர்களுக்குத் தத்தகாரம் என்றால் என்னவென்று தெரியும். இசையமைப்பாளர் 'தானன தானன' என்று கொடுப்பார், கவிஞர் அதில் சொல்லை உட்கார வைப்பார். பகடி எழுதுகிறவருக்கு வேலை இன்னும் கஷ்டம். அவர் கையில் இருப்பது வெறும் தத்தகாரம் இல்லை, ஏற்கெனவே சொல் உட்கார்ந்திருக்கும் மெட்டு. கேட்பவர் மனதில் பழைய சொல் ஓடிக்கொண்டே இருக்கும். புதுச்சொல் அதன் மேல் அச்சாகப் படிய வேண்டும். கொஞ்சம் விலகினாலும் காது கண்டுபிடித்துவிடும்.

'தானன தானன தானானா' என்று ஒரு அடி இருக்கிறது, கடைசி மூன்றும் நீட்டிப் பாடும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தேடிய சாவியைக் காணோமே' என்றால் கச்சிதமாக உட்காரும். 'தொலைந்துபோன சாவியைக் காணோமே' என்று எழுதினால் மூன்றெழுத்து இடத்தில் ஆறெழுத்தைத் திணித்த மாதிரி ஆகும். பாடகர் ஓடி ஓடிப் பாட வேண்டும், தாளம் இடறும். 'தேடிய சாவியும் எனது' என்று எழுதினால் வேறு கோளாறு. நீட்ட வேண்டிய இடத்தில் நெடிலே இல்லை. 'துஊஊ' என்று இழுத்தால் அது சொல்லாகவே காதில் விழாது. சொல் விழாவிட்டால் சிரிப்பு எங்கிருந்து வரும்? இணையத்தில் வரும் பகடிப் பாடல்களில் பாதி இந்த இரண்டு இடத்தில்தான் செத்துப் போகின்றன. ஒன்று, எழுத்து அதிகம். இல்லாவிட்டால், நீட்டும் சுரத்தில் குறில்.

ஆங்கிலத்தில் குறில் நெடிலைவிட அழுத்தம்தான் ராஜா. எந்த அசை அழுந்துகிறதோ அது வலுவான தாளத்தில் விழ வேண்டும். இதை வைத்து யாங்கோவிக்கின் தலைப்புகளைப் பாருங்கள். குயின் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' அவர் கையில் 'அனதர் ஒன் ரைட்ஸ் தி பஸ்' ஆனது. 'பைட்ஸ்' போய் 'ரைட்ஸ்', 'டஸ்ட்' போய் 'பஸ்'. அசை எண்ணிக்கை அப்படியே. அழுத்தம் விழும் இரண்டு இடங்களிலும் உயிரொலி அப்படியே. மெய் மட்டும் மாறியிருக்கிறது. மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' என்பது 'ஈட் இட்' ஆனதில் ஒரே ஒரு மெய் உதிர்ந்தது. மடோனாவின் 'லைக் எ வர்ஜின்' என்பது 'லைக் எ சர்ஜன்' ஆனதும் இதே கணக்கு. 2014இல் 'பிளர்ட் லைன்ஸ்' என்ற பாட்டை 'வேர்ட் கிரைம்ஸ்' ஆக்கினார். இரண்டு சொல்லிலும் உயிரொலி பிசகவில்லை.

உயிரொலிக்கு ஏன் இத்தனை மதிப்பு என்றால், பாட்டில் நீள்வது உயிர்தான். பெரும்பாலான மெய்களை அப்படி நீட்ட முடியாது. மூலப் பாடகர் 'ஐ' என்று வாயைத் திறந்து நீட்டிய இடத்தில் பகடிக்காரர் 'ஊ' என்று குவித்தால் சுரம் ஒன்றாக இருந்தாலும் குரலின் நிறம் மாறிவிடும். 'இது வேறு பாட்டு' என்று காது சொல்லிவிடும்.

இதுவரை சொன்னது தலைப்புக்கு. பகடிப் பாட்டு உண்மையில் தோற்பது இரண்டாவது சரணத்தில். தலைப்பைக் கேட்டவுடன் ஒரு சிரிப்பு வரும். அது இலவசம். அதற்கப்புறம் மூன்று நிமிடம் பாக்கி இருக்கிறதே! பஸ்ஸில் கூட்டம் என்று சொல்லியாகிவிட்டது, அடுத்து என்ன? இங்கே பலரும் செய்வது, அதே விஷயத்தை வேறு சொற்களில் திரும்பச் சொல்வது அல்லது பட்டியல் போடுவது. நல்ல பகடியில் ஒரு ஆள் பேசுகிறான், அவனுக்கு ஒரு நிலைமை இருக்கிறது, சரணத்துக்குச் சரணம் அது முற்றுகிறது. 'ஈட் இட்' பாட்டில் பேசுவது, சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையை அதட்டும் பெரியவர். மூலப் பாட்டின் மிரட்டல் தொனிக்கு இது அளவெடுத்துத் தைத்தது. அந்தத் தொனியை அவர் வீணாக்கவில்லை.

யாங்கோவிக் சறுக்கும் இடமும் இதையொட்டித்தான் இருக்கிறது. சாப்பாட்டுப் பாடல்கள் அவரிடம் அளவுக்கு மீறி உண்டு. அவற்றை மட்டும் திரட்டி 1993இல் தனித் தொகுப்பாகவே வெளியிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகுப்பை ஒரே மூச்சில் கேட்டால் அவரைப் பிடிக்காதவர்கள் சொல்வது நியாயம் என்றே தோன்றும். காதல் பாட்டை எடுத்து, காதலிக்குப் பதிலாக ஒரு தின்பண்டத்தை வைப்பது. மூலப் பாட்டுக்கும் தின்பண்டத்துக்கும் சம்பந்தமில்லை. வேறொரு தின்பண்டத்தை வைத்தாலும் பாட்டு அப்படியே ஓடும். மாற்றி வைத்தாலும் ஓடும் என்றால் அந்த நகைச்சுவைக்கு வேர் இல்லை என்று அர்த்தம். உடல் பருமனைக் கிண்டல் செய்யும் 'ஃபேட்' 1989இல் சிறந்த கான்செப்ட் வீடியோவுக்கான கிராமி இசை விருது வாங்கியது. ஒப்பனையும் நடனமும் அபாரம்தான். ஆனால் சிரிப்பு உடம்பின் அளவைத் தாண்டி எங்கும் போகவில்லை, இன்று கேட்கும்போது அது உறுத்துகிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 1992இல் வந்த 'ஸ்மெல்ஸ் லைக் நிர்வானா'. மூலப் பாட்டு நிர்வானா குழுவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'. அது ஊரெல்லாம் ஒலித்த காலத்தில் எல்லோருக்கும் இருந்த குறை ஒன்றுதான்: குழுவின் பாடகர் கர்ட் கோபேன் என்ன பாடுகிறார் என்றே புரியவில்லை. பகடிப் பாட்டின் பொருளே அந்தக் குறைதான். பாடுகிறவருக்கே தான் பாடுவது புரியவில்லை. நடுவில் வாயில் தண்ணீரை வைத்துக் கொப்பளித்தபடி மெட்டைப் பாடுகிறார், கஸூ என்ற விளையாட்டு ஊதலை ஊதுகிறார்கள். இந்த வரிகளை எடுத்து வேறெந்தக் குழுவின் பாட்டில் வைத்தாலும் உயிர் போய்விடும். அந்த மெட்டு, அந்தக் குரல், அந்தக் குழப்பம் மூன்றும் சேர்ந்தால்தான் இது பாட்டு. வீடியோவும் மூல வீடியோவின் காட்சிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து எடுக்கப்பட்டது. மூலத்தில் துப்புரவுப் பணியாளராக வந்த அதே நடிகர் இதிலும் வருகிறார். அனுமதி கேட்டபோது கோபேன் கேட்டது, 'சாப்பாட்டைப் பற்றியா?' என்று. யாங்கோவிக்கின் பலவீனம் எங்கே என்று கோபேனுக்கே தெரிந்திருக்கிறது!

1996இல் வந்த 'ஏமிஷ் பாரடைஸ்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ராப் பாடகர் கூலியோவின் 'கேங்ஸ்டாஸ் பாரடைஸ்' துப்பாக்கியும் சாவுமாக இருட்டில் நடக்கும் பாட்டு. பின்னால் கனத்த கோரஸ், வயலின்கள். அந்த மெட்டே ஸ்டீவி வொண்டரின் 1976ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து வந்தது. யாங்கோவிக் இருட்டையும் கோரஸையும் அப்படியே வைத்துக்கொண்டு, மின்சாரத்தையும் காரையும் ஒதுக்கி வாழும் ஏமிஷ் சமூகத்து விவசாயியைப் பேச வைக்கிறார். வெண்ணெய் கடைவதைக் கொலைவெறித் தொனியில் சொல்கிறார். இரண்டு பாட்டிலும் பேசுகிறவர் தன் வாழ்க்கைமுறையைப் பற்றிப் பெருமையும் பாரமும் கலந்து பேசுகிறவர். அதனால் பொருத்தம் வெறும் சொல் பொருத்தத்தோடு நிற்கவில்லை. இதைப் பாடும்போது அவர் குரலில் கிண்டல் துளியும் தெரியாது, உண்மையான வேதனையோடு பாடுகிறார். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். மட்டமான பகடிக்காரர்கள் 'நான் காமெடி பண்றேன்' என்று குரலிலேயே கண்ணடிப்பார்கள். கோணல் குரலில் பாடினால் கேட்பவருக்குச் சிரிக்க மீதி எதுவும் இருக்காது.

அடுத்தது பின்னணி இசை. பலரும் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. கரோக்கி டிராக் மேல் பாடுவதற்கும் யாங்கோவிக் செய்வதற்கும் தூரம் அதிகம். டிரம்ஸில் ஜான் 'பெர்முடா' ஷ்வார்ட்ஸ், கிட்டாரில் ஜிம் வெஸ்ட், பேஸில் ஸ்டீவ் ஜே ஆகிய மூவரும் 1980களின் தொடக்கத்திலிருந்து அவருடன் இருப்பவர்கள். கீபோர்டில் ரூபன் வால்டியெரா 1991இல் சேர்ந்தார். மூலப் பாட்டின் ஒலியை இவர்கள் காதால் கேட்டே மறுபடி கட்டுகிறார்கள். ஒரு ஆல்பத்துக்குள்ளேயே ராப், கிரஞ்ச், டிஸ்கோ, கன்ட்ரி என்று பாட்டுக்குப் பாட்டு வேறு குழுவாக மாறியாக வேண்டும். சரிபார்க்க ஒரு வழி: மூலத்தில் முப்பது வினாடி, பகடியில் அதே முப்பது வினாடி, ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். முதலில் ஸ்னேர் டிரம்மின் ஒலியை மட்டும் கவனியுங்கள், அது உலர்ந்து விழுகிறதா, எதிரொலியோடு விழுகிறதா என்று. அடுத்த சுற்றில் பேஸ் எந்தச் சுரத்தில் நுழைகிறது என்று பாருங்கள். கடைசியாக, பாடகர் எங்கே மூச்செடுக்கிறார் என்று. சுமாரான பகடியில் மூச்சு இடம் மாறியிருக்கும், ஏனென்றால் வரி நீண்டிருக்கும்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'மனி ஃபார் நத்திங்' பாட்டை 1989இல் பகடி செய்ய அனுமதி கேட்டபோது, கிட்டாரைத் தானே வாசிப்பதாக இருந்தால் சரி என்றார் அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் மார்க் நாஃப்லர். வாசித்தும் கொடுத்தார். ஆனால் அவரோ அந்தப் பாட்டை வருடக்கணக்கில் மேடையில் வாசித்துக் கை தளர்ந்திருந்தார். ஜிம் வெஸ்டோ பதிவைக் கேட்டுக் கேட்டு வாரக்கணக்கில் பழகியிருந்தார். மூலப் பதிவுக்கு அதிகம் நெருங்கி வாசித்தது வெஸ்ட்தான் என்று ஆயிற்று. பகடிக்குத் தேவைப்படும் காது எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சொல்லையே தொடாமல் சிரிக்க வைப்பதும் ஒன்று உண்டு, அதுதான் போல்கா மெட்லி, அதாவது போல்கா என்ற ஐரோப்பியத் துள்ளல் நடன இசையில் பல பாடல்களைக் கோத்த மாலை. 1984இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் தொடங்கி ஏறக்குறைய எல்லா ஆல்பத்திலும் ஒன்று இருக்கும். அந்தக் காலத்து ஹிட் பாடல்களின் வரிகளைச் சிறு சிறு துண்டாக எடுத்து, அப்படியே மாற்றாமல், அக்கார்டியனோடு 2/4 தாளத்தில் குதிக்கவிடுவார். மூலத்தில் கோபமாகவோ சோகமாகவோ ஒலித்த வரி, கல்யாண வீட்டு உற்சாகத்தில் ஓடும்போது சிரிப்பு தானாக வருகிறது. வரி அதேதான், வேகமும் தாளமும் கருவியும்தான் மாறியிருக்கின்றன. வேறு வேறு சுருதியில் இருக்கும் பாடல்களை மூட்டுத் தெரியாமல் இணைப்பது சாதாரண வேலை இல்லை. அக்கார்டியனை அவர் ஏழு வயதாகும் தறுவாயிலிருந்து முறையாகப் பயின்றவர்.

ஆனால் 'இவருக்குச் சொந்தச் சரக்கு உண்டா' என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது பாணிப் பகடிகளைத்தான். அவருடைய ஆல்பங்களில் ஏறக்குறைய பாதி இவைதான். குறிப்பிட்ட பாட்டு எதையும் எடுக்காமல், ஒரு கலைஞரின் மொத்தப் பாணியையும் உள்வாங்கி, அவர் எழுதியிருக்கக்கூடிய, ஆனால் எழுதாத புதிய பாட்டை எழுதுவது. சாய்ந்துகொள்ள மெட்டு கிடையாது. கேட்பவருக்குப் பழைய வரி ஞாபகம் வந்து உதவாது. 1985ஆம் ஆண்டின் 'டேர் டு பி ஸ்டுப்பிட்' டெவோ குழுவின் பாணியில் எழுதியது. அந்தக் குழுவின் மார்க் மதர்ஸ்பா அதைக் கேட்டு அதிர்ந்துபோனதாகவும், அத்தனை அழகாக இருந்ததால் யாங்கோவிக் மேல் வெறுப்பே வந்ததாகவும் பிறகு சொன்னார். இதற்கு மேல் ஒரு பாராட்டு உண்டா?

2003இல் வந்த 'பாப்' (Bob) இன்னும் ஒரு படி மேல். நம்மூர் இலக்கணத்தில் மாலைமாற்று என்று ஒன்று உண்டே, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வருவது. இந்தப் பாட்டின் ஒவ்வொரு வரியும் ஆங்கில எழுத்தில் மாலைமாற்று. தலைப்பும் அப்படியே. அதை அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் மூக்கடைத்த குரலிலும் ஹார்மோனிகாவிலும் பாடுகிறார். மாலைமாற்று வரிகளுக்கு இயல்பாகவே பொருள் பாதி புரியும், பாதி புரியாது. டிலனின் 1960களின் நடுப்பகுதிப் பாடல்களும் கேட்பவருக்கு அப்படித்தான் இருக்கும். இந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்ததுதான் நகைச்சுவை. எழுத்துக் கட்டுப்பாட்டையும் நிறைவேற்றி, வரிக்கடைசியில் இயைபும் வைத்து, டிலன் போலவும் ஒலிக்க வைத்திருக்கிறார். பகடி, விமர்சனம், சித்திரக்கவி மூன்றும் ஒரே பாட்டில். அவர் செய்ததிலேயே சிறந்தது எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

2018இல் அவர் போன ஒரு சுற்றுப்பயணத்தில் வேடங்களும் வீடியோத் திரையும் இல்லாமல், புகழ்பெற்ற பகடிகளை ஒதுக்கிவைத்து, பெரும்பாலும் இந்தச் சொந்தப் பாடல்களையே பாடினார். 2022இலும் அதையே செய்தார். வார்த்தை மாற்றுவது மட்டுமே தெரிந்தவரால் அப்படி ஒரு மேடை ஏற முடியாது.

அனுமதி விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சட்டத்தோடு நிற்காமல் நகைச்சுவையின் தரத்தையும் தொடுகிறது. 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2 லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் வழக்கில், வணிக நோக்கத்தோடு செய்த பகடியும் நியாயமான பயன்பாடாக, அதாவது அனுமதி வாங்காமலே சட்டப்படி எடுத்தாள்வதாக, இருக்க முடியும் என்றது. கூடவே ஒரு கோடும் கிழித்தது. மூலப் படைப்பையே விமர்சிக்கும் பகடிக்கு அதிலிருந்து எடுத்தாள ஒரு நியாயம் இருக்கிறது. மூலத்தை வெறும் வண்டியாக வைத்துக்கொண்டு வேறெதையோ கிண்டல் செய்தால், அந்த வண்டி ஏன் தேவை என்று தனியாக நியாயம் சொல்ல வேண்டும். 'ஸ்மெல்ஸ் லைக் நிர்வானா' முதல் வகை, சாப்பாட்டுப் பாடல்கள் இரண்டாவது வகை. நீதிபதிகள் கேட்ட கேள்வியும் ரசிகன் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றாக வந்து நிற்கின்றன: இந்த மெட்டுதான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டா?

யாங்கோவிக் எந்த வகையானாலும் கேட்டுவிட்டுத்தான் செய்வார். பாடகர் பிரின்ஸ் கடைசிவரை சம்மதிக்கவில்லை, அவர் பாட்டை இவர் பகடி செய்யவில்லை. கோழிக்கறி பற்றிய ஒரு பாட்டுக்கு, சைவ உணவுக்காரரான பீட்டில்ஸ் குழுப் பாடகர் பால் மெக்கார்ட்னி தயங்கியபோது அதையும் விட்டுவிட்டார். கூலியோ விஷயத்தில் மட்டும் இசை நிறுவனம் வழியாகச் சம்மதம் வந்ததாக நம்பிப் பாட்டை வெளியிட, கூலியோ கோபித்துக்கொண்டார். தன் கோபம் தவறு என்று அவரே பல வருடம் கழித்துச் சொன்னார். அதன் பிறகு யாங்கோவிக் கலைஞரிடமே நேரில் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

எண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல விரும்புகிறவர்களுக்கு: 1983 முதல் 2014 வரை 14 ஸ்டுடியோ ஆல்பங்கள், ஐந்து கிராமி. 2014இல் வந்த 'மேன்டட்டரி ஃபன்' அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. நகைச்சுவை ஆல்பம் ஒன்று அந்த இடத்துக்கு வந்தது 1963க்குப் பிறகு அப்போதுதான். அந்த ஆல்பத்தின் 'வேர்ட் கிரைம்ஸ்' இலக்கணப் பிழை செய்பவர்களைத் திட்டும் பாட்டு. அதில் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருப்பதைப் பலர் சுட்டிக்காட்டியதும் உடனே மன்னிப்புக் கேட்டார். எனக்கு அந்தப் பாட்டில் பாட்டுக்கட்டு பிடிக்கும், பிழை செய்தவரை மட்டம் தட்டும் தொனி பிடிக்காது.

'ஈட் இட்' மட்டும் கேட்டுவிட்டு முடிவுக்கு வந்தவர்கள் இந்த வரிசையில் கேட்டுப் பார்க்கலாம். முதலில் ராப் பாடகர் கமில்லியனேரின் 'ரைடின்', உடனே யாங்கோவிக்கின் 'வைட் அண்ட் நெர்டி'. 2006இல் வந்து அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதல் பத்துக்குள் போன பாட்டு அது. 'ரைடின் டர்ட்டி' என்ற நாலசைத் தொடர் 'வைட் அண்ட் நெர்டி' ஆகும்போது 'ஐ' ஒலியும் கடைசி இயைபும் எப்படித் தங்குகின்றன என்று கவனியுங்கள். வேகமான ராப்பில் ஒரு அசைகூட விழுங்கப்படவில்லை என்பதையும் பாருங்கள். அடுத்து 'ஸ்மெல்ஸ் லைக் நிர்வானா', அதை மூல வீடியோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஏதாவது ஒரு போல்கா மெட்லி. கடைசியாக 'பாப்', வரிகளை எழுத்தில் முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பின்னாலிருந்தும் படித்தபடி. டிலனை முன்பே நாலு பாட்டாவது கேட்டிருந்தால்தான் அது முழுதாகப் பிடிபடும், அதனால் அவசரப்பட வேண்டாம்.